சாப்பிடலாம்... சாப்பாடு போடக்கூடாது! காதுகுத்து பந்தியில் களைகட்டும் பஞ்சாயத்து பிரசாரம்

காலை 7 மணிக்கே மண்டப வாசலில் ஸ்பீக்கர் அலறுகிறது. குழந்தைக்கு மொட்டை போட்டு சந்தனம் தடவியாச்சு. தாய்மாமன் சீர்வரிசை தட்டுகளோடு கொட்டு மேளம் முழங்க வந்துகொண்டிருக்கிறார். அந்த கூட்டத்தோடு கூட்டமாக வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டையில் ஒருத்தர். சீர் கொண்டு வருகிற பங்காளியும் இல்லை, பெண் கொடுத்த வகையும் இல்லை. பஞ்சாயத்து தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறவர். கொஞ்ச நேரத்தில் அதே பதவிக்கு நிற்கப்போகிற இன்னொருத்தரும் வந்து சேர்கிறார். வீட்டுக்காரர் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்து பந்தியில் உட்கார வைக்கிறார். அடுத்தடுத்த இலை. "அண்ணே, வடை வைக்கச் சொல்லட்டுமா" என்று ஒருத்தரை ஒருத்தர் உபசரித்துக்கொள்வதை ஊரே வேடிக்கை பார்க்கிறது.

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்து கிராமங்களில் உள்ளாட்சி தேர்தல் நெருங்கினால் இது சர்வசாதாரணமான காட்சி. சட்டசபை தேர்தல் என்றால் வேன், மைக், பொதுக்கூட்டம். பஞ்சாயத்து தேர்தலுக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம்தான். காதுகுத்து, வளைகாப்பு, கெடா வெட்டு, பூப்புனித நீராட்டு, கபடி போட்டி, கருமாதி என்று ஊரில் நாலு பேர் கூடுகிற இடம் எல்லாம் பிரசார மேடை.

ஏன் இப்படி? காரணம் எளிது. கிராம ஊராட்சி தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு கட்சி சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி சுயேச்சை சின்னம்தான். ஒன்றிய கவுன்சிலருக்கும் மாவட்ட கவுன்சிலருக்கும் கட்சி உண்டு. தலைவருக்கு ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. வார்டு உறுப்பினர் என்றால் மொத்தமே சில நூறு ஓட்டு. ஒரு ஓட்டில் தோற்றவர்களும் உண்டு. சமமாக வந்தால் சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. அப்படி இருக்கும்போது ஒரு வீட்டு விசேஷத்துக்கு போகாமல் விட்டால் அந்த வீட்டு அஞ்சு ஓட்டு, அவங்க சம்பந்தி வீட்டு ஆறு ஓட்டு என்று கணக்கு பதினொன்றில் போய் நிற்கும்.

சின்னம் கையில் கிடைத்த பிறகு ஓடிச் சமாளிக்கலாம் என்று நினைத்தாலும் நேரம் இருக்காது. 2019 ஊரக உள்ளாட்சி தேர்தலையே எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் 9ந்தேதி வேட்புமனு தாக்கல் ஆரம்பம். 16ந்தேதி முடிவு. 19ந்தேதி வாபஸ், அன்றைக்கே சின்னம். முதல்கட்ட ஓட்டுப்பதிவு 27ந்தேதி. பிரசாரம் 25ந்தேதி மாலை 5 மணியோடு முடிந்துபோனது. ஆக சின்னத்தைச் சொல்லி ஓட்டு கேட்க முழுசாக ஒரு வாரம்கூட இல்லை. அதனால் நிற்க ஆசைப்படுகிறவர் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு முன்னாடியே விசேஷ வீடுகளுக்கு போக ஆரம்பித்துவிடுகிறார். ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். அஞ்சு வருஷமா எட்டிப்பார்க்காத ஆள் திடீரென்று வளைகாப்பு வீட்டு வாசலில் நின்றால், "என்னப்பா, தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்களா" என்று பெரிசுகள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார்கள்.

பந்தியில் சட்டம்

விசேஷ வீட்டில் போய் வேட்பாளர் சாப்பிடலாமா? தாராளமாக சாப்பிடலாம். எந்த சட்டமும் தடுக்கவில்லை. பத்து வீட்டில் அழைப்பு வந்தால் பத்து வீட்டிலும் கை நனைக்கலாம். ஆனால் அவர் சாப்பாடு போட்டால்தான் வம்பு.

ஓட்டுக்காக பணம் கொடுப்பது மட்டும் லஞ்சம் இல்லை. சாப்பாடு, குடிக்க கொடுப்பது, கேளிக்கை, சாமான் வாங்கிக் கொடுப்பது எல்லாமே தேர்தல் லஞ்சத்தில் ஒரு வகை என்று சட்டம் சொல்கிறது. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-இ பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபிறகு 173வது பிரிவில் இருக்கிறது. ஓட்டுக்கு பணம் கொடுத்தால் ஒரு ஆண்டு வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். சாப்பாடு, தண்ணி வகையறா என்றால் அபராதம் மட்டும். அபராதம்தானே என்று அலட்சியமாக நினைப்பவர்களும் உண்டு. தோற்றவர் இதையே பிடித்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட்டால், ஜெயித்தவர் வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இதில் நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் வேட்பாளர் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினால் அது உதவி. சோறு வீட்டுக்காரர் சோறு. அதே விசேஷத்தின் சமையல் செலவை வேட்பாளர் ஏற்றுக்கொண்டு, "நம்ம அண்ணன் உபயம்" என்று யாராவது மைக்கில் சொன்னால் கதையே வேற. வாளி ஒன்றுதான், சாம்பாரும் ஒன்றுதான். யார் காசு என்பதில்தான் இருக்கு சமாச்சாரம்.

அதனால்தான் விவரம் தெரிந்த வேட்பாளர்கள் தேர்தல் சமயத்தில் சொந்த வீட்டு விசேஷத்தை தள்ளிப்போட்டு விடுகிறார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கெடாவாக இருந்தாலும் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் கத்தி. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஊரைக் கூட்டி கறிசோறு போட்டுவிட்டு, "இது சாமி காரியம்" என்று பறக்கும் படையிடம் சொன்னால் யார் நம்புவார்கள்? சாமியே வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு.

மொய் நோட்டு

அடுத்த சிக்கல் மொய். தென் மாவட்டங்களில் செய்முறை என்பது சும்மா கொடுக்கிற அன்பளிப்பு இல்லை. நோட்டில் எழுதி வைத்து திருப்பிச் செய்கிற கடன். உங்கள் வீட்டு காதுகுத்துக்கு நான் 500 செய்தால் என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் 500க்கு குறையாமல் செய்ய வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசத்தில் இதற்கென்றே மொய் விருந்து நடத்துகிறார்கள்.

வேட்பாளர் இந்த நோட்டுக்குள் நுழையும்போதுதான் தர்மசங்கடம். வழக்கமாக 500 செய்கிறவர் தேர்தல் வருஷத்தில் 5 ஆயிரம் செய்தால் மொய் எழுதுகிறவரே நிமிர்ந்து பார்ப்பார். அது மொய் இல்லை, ஓட்டுக்கு அச்சாரம் என்று மறுநாளே டீக்கடையில் பேச்சு. இந்த விஷயத்தில் அத்தாட்சியும் வலுவானது. பேர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்களே! அதுவே செய்முறை இல்லாத வீட்டுக்கு புதிதாக 1,000 ரூபாய் செய்தால் வாங்குகிற வீட்டுக்காரருக்கும் சங்கடம்தான். இவருக்கு ஓட்டும் போட வேண்டும், நாளைக்கு இவர் வீட்டு விசேஷத்துக்கு 1,000 ரூபாய் திருப்பியும் செய்ய வேண்டும்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாக புரியும். 2019 தேர்தலில் மாநில தேர்தல் ஆணையம் நிர்ணயித்த செலவு உச்சவரம்பு கிராம வார்டு உறுப்பினருக்கு ரூ.9 ஆயிரம். ஊராட்சி தலைவருக்கு ரூ.34 ஆயிரம். ஒன்றிய கவுன்சிலருக்கு ரூ.85 ஆயிரம். மாவட்ட கவுன்சிலருக்கு ரூ.1 லட்சத்து 70 ஆயிரம். தலைவர் பதவிக்கு நிற்கிறவர் 20 வீட்டுக்கு தலா 1,000 மொய் செய்தாலே 20 ஆயிரம் போய்விடும். நோட்டீஸ், ஆட்டோ, மைக் செட், கூட வருகிற பசங்களுக்கு டீ, பெட்ரோல் இதெல்லாம் எதில் வரும்? இத்தனைக்கும் தேர்தல் முடிந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 3 ஆண்டுக்கு தேர்தலில் நிற்க தகுதி நீக்கம். தோற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். "தோத்தாச்சு, இனிமே என்ன கணக்கு" என்று விட்டுவிடுவது வழக்கம். அடுத்த முறை மனு கொடுக்கப் போகும்போதுதான் தலையில் இடி விழும்.

நிலத்தை ஒத்திக்கு விட்டு, வீட்டுக்காரம்மா நகையை அடகு வைத்து விசேஷம் விசேஷமாக சுற்றியவர்கள் எல்லா ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு 2016ஐ மறக்கவே முடியாது. அந்த வருஷம் அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்து மனு தாக்கலும் நடந்தது. அக்டோபர் 4ந்தேதி ஐகோர்ட்டு அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. அதுவரை செய்த மொய், கட்டிய வேட்டி, ஏறி இறங்கிய மண்டபம் எல்லாம் போச்சு. அதன்பிறகு தேர்தல் நடந்தது 3 வருஷம் கழித்து 2019ல்தான். விட்டுவிடவும் முடியாமல் அந்த 3 வருஷமும் விசேஷ வீடுகளுக்கு போய்க்கொண்டே இருந்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். 2019ல் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு முதல்முறையாக அமலுக்கு வந்தபோது, இதில் பல பேருடைய ஊர் பெண்கள் ஊராட்சியாக மாறிப்போனது தனிக்கதை.

மார்கழியில் முகூர்த்தம் ஏது?

விசேஷ வீட்டை நம்பி இருக்கிற வேட்பாளருக்கு தேர்தல் தேதி வைக்கிற ஆப்பு ஒன்று உண்டு. 2019 டிசம்பர் தேர்தலில் மனு தாக்கல் முடிந்த கையோடு மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. கார்த்திகை கடைசி முகூர்த்தத்தில் பார்த்த முகங்கள்தான். அதற்குப் பிறகு மண்டபம் எல்லாம் பூட்டு.

வேட்பாளர்கள் சும்மா இருப்பார்களா? விடியற்காலை பஜனையில் போய் நின்றார்கள். ஐயப்ப பக்தர்கள் பூஜைக்கு போனார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று ஓட்டு கேட்டார்கள். முதல்கட்ட பிரசாரம் முடிந்த 25ந்தேதி கிறிஸ்துமஸ். கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊர்களில் காலையில் வாழ்த்து சொல்லிவிட்டு, கேக்கை கையில் வாங்கிக்கொண்டு, மாலை 5 மணிக்குள் கடைசி தெருவையும் சுற்றி முடிக்க வேண்டிய ஓட்டம். மறுநாள் 26ந்தேதி காலையில் சூரிய கிரகணம். திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகவே தெரிந்தது. கோவில் நடை சாத்தியாச்சு. ஊரே வானத்தை பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாளில் வேட்பாளருக்கு ஓட்டு கேட்கவும் அனுமதி இல்லை. விடிந்தால் ஓட்டுப்பதிவு.

விடுபட்ட காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், நெல்லை, தென்காசி ஆகிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் நடந்தபோது அது புரட்டாசி. பல வீட்டில் கறி கிடையாது, முகூர்த்தமும் குறைவு. முதல்கட்ட ஓட்டுப்பதிவே மகாளய அமாவாசை அன்றைக்குத்தான். போதாக்குறைக்கு கொரோனா கட்டுப்பாடு. வெள்ளி, சனி, ஞாயிறு கோவில்கள் மூடல். கூட்டம் கூடுகிற விசேஷமே இல்லாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

நகர்ப்புறத்துக்குத்தான் யோகம் அடித்தது. 2022 பிப்ரவரி 19ந்தேதி ஓட்டுப்பதிவு. பிரசாரத்தின் பெரும்பகுதி தை மாசம். வார்டுக்கு வார்டு கல்யாண வீடு. ஆனால் அங்கே கட்சி சின்னம் உண்டு என்பதால் மண்டபத்தைவிட ரோட்டோர டீக்கடையில் டீ ஆத்துவதும், ஓட்டலில் தோசை சுடுவதும், போட்டோ எடுப்பதுமாக போனது. தோசையைத் திருப்பிப்போட தெரியாமல் பிய்த்து வைத்தவர்களும் உண்டு. சிரித்தபடி போஸ் கொடுத்தால் போதுமே.

கோவில் கொடையும் கபடி கோப்பையும்

திருவிழாவுக்கு வேட்பாளர் போகலாம், சாமி கும்பிடலாம், கூட்டத்தோடு ஆடலாம். கோவில், மசூதி, சர்ச் வளாகத்தை பிரசாரத்துக்கு பயன்படுத்தக்கூடாது என்பது நடத்தை விதி. நோட்டீஸ் கொடுப்பது, சின்னத்தைக் காட்டுவது, மைக்கில் ஓட்டு கேட்பது மூன்றும் கூடாது. பரிவட்டம் கட்டும்போது "வருங்கால தலைவர் அவர்களே வருக" என்று கமிட்டிக்காரர் உற்சாகத்தில் மைக்கில் சொல்லிவிடுவார். மாட்டிக்கொள்வது வேட்பாளர். எதிர்தரப்பு பையன் ஒருத்தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பான். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடக்கூடாது என்பது தேர்தல் இல்லாத நாளிலும் உள்ள விதிதான். தேர்தல் சமயத்தில் போலீசார் கண்டிப்பு கூடும்.

கபடி, கிரிக்கெட் போட்டிகளில் தொல்லை வேறு மாதிரி. இளைஞர்கள் ஓட்டு மொத்தமாக கிடைக்குமே என்று முதல் பரிசு, சுழற்கோப்பை, பனியன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நடத்தை விதி வந்ததும் பேரை எடுக்கச் சொல்லி ஓடுவார்கள். நோட்டீசில் பேர் அச்சாகி இருக்கும். களத்தில் ஓரமாக உட்கார்ந்து மேட்ச் பார்த்து கை தட்டுகிறவருக்கு எந்த பிரச்சினையும் இல்லை. ஆடத்தெரிந்தவர் ஒரு ரெய்டு போய்விட்டு வந்தால் அன்றைக்கு அவர்தான் ஹீரோ. ஆடத் தெரியாதவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி முட்டியை பெயர்த்துக்கொண்டால் அதற்கும் இரண்டு அனுதாப ஓட்டு விழலாம்.

இதைவிட மோசம், தலைவர் பதவியையே கோவில் காரியமாக்கி விடுவது. 2019ல் சில ஊர்களில் கோவில் திருப்பணிக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கே போட்டியில்லாமல் பதவி என்று ஏலம் விட்டதாக புகார்கள் வெடித்தன. மாநில தேர்தல் ஆணையம் கடும் எச்சரிக்கை விட்டது. ஊருக்குள் சண்டை வேண்டாம், பணம் சாமிக்குத்தானே என்று சொல்வார்கள். பணம் இல்லாதவன் மனுவே போட முடியாது என்பதை சொல்லமாட்டார்கள்.

எந்த தெருவில் சாப்பிட்டார்?

விசேஷ வீட்டுக்கு போவது பெரிசு இல்லை. எந்த தெரு விசேஷத்துக்கு போனார், அங்கே என்ன செய்தார் என்பதைத்தான் ஊர் கவனிக்கிறது. மேலத்தெரு காதுகுத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மூன்று முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர், காலனி வீட்டு காதுகுத்துக்கு போனால், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று நின்றபடியே மூடி திறக்காத கலர் பாட்டிலை வாங்கி ரெண்டு மடக்கு குடித்துவிட்டு கிளம்புவார். மொய் இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான். ஆனால் அந்த வீட்டு அம்மாவுக்கு எல்லாம் புரியும். பந்தியில் உட்கார்ந்தவருக்கும் பாட்டிலோடு போனவருக்கும் வித்தியாசம் ஓட்டுச்சீட்டில் தெரியும்.

இதில் மதுரை பக்கத்துக்கு ஒரு கசப்பான வரலாறே இருக்கிறது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய 4 ஊராட்சிகள் 1996ல் ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 10 வருஷம் அங்கே முறையாக தலைவர் வர முடியவில்லை. மனு போட ஆள் வரமாட்டார், வந்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அந்த நாலு பேருக்கும் சென்னையில் அரசு சார்பில் சமத்துவப் பெருவிழா என்று விழாவே எடுத்தார்கள். ஒரு ஊராட்சி தலைவர் பதவி ஏற்றதற்கு அரசு விழா எடுக்க வேண்டி இருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் வேட்பாளர்கள் பாடு

பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபிறகு விசேஷ வீட்டுக் காட்சியும் மாறி இருக்கிறது. சில ஊர்களில் மாறவும் இல்லை. வேட்பாளர் மனைவியாக இருப்பார், மண்டபத்தில் கை கூப்பி வலம் வருகிறவர் கணவராக இருப்பார். மாலையும் அவருக்கே. பேனரில் கணவர் படம் பெரிசு, வேட்பாளர் படம் சின்னது. ஓட்டு போடுகிறவர்களே, "நிக்கிறது யாரு?" என்று கேட்கும் நிலை.

நேரில் வந்து நிற்கிற பெண் வேட்பாளர்களுக்கு ஆண்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வளைகாப்பு வீட்டில் அவர்கள் உள்ளே போய் உட்காரலாம். வளையல் போட்டு, நலங்கு வைத்து, ஏழு வகை சோறு சாப்பிட்டு, அரை மணி நேரம் பேசிவிட்டு வரலாம். ஆண் வேட்பாளர் வாசலோடு சரி. அந்த அரை மணி நேரத்தில் தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்த தெரு லைட் எரியவில்லை, நூறு நாள் வேலைக் கூலி யாருக்கு நிற்கிறது என்று எல்லா விவரமும் காதில் விழுந்துவிடும். ஓட்டு கேட்கவே தேவையில்லை. அவர்களே, "நீ நில்லு தாயி, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லி அனுப்புவார்கள். கஷ்டமும் இல்லாமல் இல்லை. ராத்திரி நடக்கும் கரகாட்டம், நாடகம், வாலிபால் மேட்ச் என்று ஆண்கள் கூடும் இடங்களுக்கு அவர்கள் தனியாக போய் நின்றால் ஒரு பேச்சு, போகாவிட்டால் "ஊர் விசேஷத்துக்கு வராதவங்க" என்று இன்னொரு பேச்சு.

துக்க வீட்டில் சின்னம் வேண்டாம்

கல்யாணத்துக்கு போகாவிட்டாலும் சாவுக்கு போகவேண்டும் என்பது கிராமத்து எழுதாத சட்டம். இங்கேதான் புது வேட்பாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பத்து பேரைக் கூட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு, பாக்கெட்டில் சின்னம் போட்ட நோட்டீசோடு மாலையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது. மாலை போடும்போது கூட வந்தவன் போட்டோ எடுப்பது. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் இதை எவரும் மறப்பதில்லை.

பழகிய ஆள் தனியாக வருவார். சட்டையில் சின்னம் இருக்காது. பெஞ்சில் ஓரமாக உட்காருவார். பந்தல்காரருக்கு போன் போடுவார், ஐஸ் பெட்டி வந்துவிட்டதா என்று விசாரிப்பார், சுடுகாடு வரை நடப்பார். ஓட்டு என்ற வார்த்தையே வாயில் வராது. 16ம் நாள் காரியத்துக்கும் மறக்காமல் வருவார். இதைத் தேர்தலுக்காக செய்கிறாரா, எப்போதுமே இப்படித்தானா என்பது ஊருக்குத் தெரியும்.

விசேஷத்தை ரசிக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான். மண்டபத்தில் நுழைந்ததும் மொய் எழுதி, போட்டோவுக்கு நின்று, அடுத்த மண்டபத்துக்கு கார் ஏறுகிறவர்கள் ஒரு நாளைக்கு எட்டு விசேஷம் முடிக்கிறார்கள். எட்டு வீட்டிலும் "வந்தார், போனார்" என்பதோடு சரி. இன்னொருத்தர் இரண்டே விசேஷத்துக்கு போவார். தாய்மாமனை கிண்டல் செய்து, அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டி, கடைசி பந்தியில் சமையல்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாய் சுருட்டுகிறவரை இருப்பார். ஓட்டு எண்ணும்போது எட்டு பெரிசா, இரண்டு பெரிசா என்பது எப்போதும் ஒரே மாதிரி வருவதில்லை. மொய் கனமாக இருந்தால் எட்டும் ஜெயிக்கிறது. அதையும் மறைக்க முடியாது.

தை பிறந்ததும்

2019 தேர்தலின் ஓட்டுகள் 2020 ஜனவரி 2ந்தேதி எண்ணப்பட்டன. ஊராட்சி தலைவர்கள் 6ந்தேதி பதவி ஏற்றார்கள். பத்து நாளில் தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பம். மார்கழி முழுக்க பூட்டிக்கிடந்த மண்டபங்கள் திறந்ததும், அழைப்பிதழ்களில் "ஊராட்சி மன்ற தலைவர்" என்று புதுப்பெயர்கள் அச்சாகி வந்தன. அந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ந்தேதி முடிந்து, 28 மாவட்ட ஊராட்சிகள் தனி அலுவலர்கள் வசம் போனது.

தோற்றவர்களுக்கும் அந்த தை மாசம் அழைப்பிதழ் போகத்தான் செய்தது. மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கிறதே, கூப்பிடாமல் விட முடியாது. வராமல் இருந்தாலும் கேவலம். கண்ணில் தூக்கமில்லாமல், அடகுக்கடை ரசீது பீரோவில் இருக்க, அவரும் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஜெயித்தவர் ஏற்கனவே பந்தியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஓடி வந்து இவர் கையைப் பிடித்தார். ஜெயித்தவருக்கு பக்கத்து இலைதான் காலி.